ஒளியே பெருக்கட்டும்: சிலிக்கான் சிப்பில் அணிக் கணக்கு

செயற்கை நரம்பு வலைப்பின்னல்களின் கணக்கில் பெரும்பங்கு, ஓர் அணியை (எண் அட்டவணையை) வெக்டரால் (எண் வரிசையால்) பெருக்குவதுதான். எண்களை ஒளி அலையின் வீச்சாக (அலையின் உயரமாக) எழுதிவிட்டால், சிப்பைக் கடக்கும் வழியிலேயே ஒளி அந்தப் பெருக்கலை முடித்துவிடும்.

அடிப்படை உறுப்பு மாக்-செண்டர் குறுக்கீட்டுமானி. சுமார் 500 நானோமீட்டர் அகலமும் 220 நானோமீட்டர் உயரமும் உள்ள சிலிக்கான் அலைவழியில் 1550 நானோமீட்டர் லேசர் ஒளி வருகிறது. முதல் பிரிப்பான் அதை 50:50 ஆகப் பிரிக்கும். இரண்டாவது மீண்டும் கலக்கும். நடுவே ஒரு கிளையின் மேல் டைட்டானியம் நைட்ரைடு சூடேற்றி. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் கெல்வினுக்குச் சுமார் 0.00018 கூடுவதால், 100 மைக்ரோமீட்டர் கிளையை ஏறத்தாழ 43 டிகிரி சூடாக்கினால் அங்கே ஒளியின் கட்டம் (அலைச் சுழற்சியில் அதன் நிலை) 180 பாகை நகரும். ஒளி ஒரு வாயிலை விட்டு மற்றதற்கு முழுவதும் மாறும். இடைப்பட்ட வெப்பநிலைகளில் வேண்டிய விகிதம் கிடைக்கும்.

இத்தகைய உறுப்புகளை வலையாகக் கோத்தால், N உள்ளீடுகளுக்கு N(N−1)/2 போதும். எந்த யூனிட்டரி அணியையும், அதாவது ஒளியின் மொத்தத் திறனை மாற்றாத அணியையும், அமைக்கலாம். 1994இல் ரெக் குழு முக்கோண வலையைக் காட்டியது. 2016இல் கிளெமென்ட்ஸ் குழு தந்த செவ்வக வலையில் எல்லாப் பாதைகளும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை உறுப்புகளைக் கடப்பதால் இழப்பு சமமாகிறது. பொதுவான அணிக்கு இரண்டு யூனிட்டரி வலைகளும் நடுவே ஒரு மூலைவிட்ட அணியும் (ஒவ்வொரு பாதையின் வீச்சையும் தனித்தனியே மாற்றுவது) தேவை.

2017இல் எம்.ஐ.டி. குழு 56 குறுக்கீட்டுமானிகள் கொண்ட சிப்பால் உயிரொலிகளை அடையாளம் கண்டது. சரியான விடை 76.7 சதவீதம், சாதாரணக் கணினியில் 91.7. இந்த இடைவெளிதான் துறையின் உண்மையான சிக்கல்.

பிரிப்பான்கள் இரண்டும் 48:52 ஆக அமைந்தால், இருளவேண்டிய வாயிலில் 0.16 சதவீதத் திறன் கசியும். சிறிதாகத் தோன்றும். ஆனால் கணக்கு நடப்பது வீச்சில். அங்கே பிழை 4 சதவீதம்! அடுக்கடுக்காக அது சேரும். ஒரு சூடேற்றியின் வெப்பம் பக்கத்துக் கிளைக்கும் பரவும்; இடையே பள்ளம் வெட்டினால் குறையும், முழுதாக நிற்காது. ஆகவே அளவுதிருத்தம் கட்டாயம்: ஒரு வாயிலில் மட்டும் ஒளி செலுத்தி, ஒவ்வொரு சூடேற்றியின் மின்னழுத்தத்தையும் படிப்படியாக உயர்த்தி, வெளியீட்டை வரைய வேண்டும். கட்டம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும் என்பதை மறந்தால் வளைவு பொருந்தாது. பக்கத்துச் சூடேற்றிகள் இயங்கும்போதும் அளக்க வேண்டும்.

மின்செலவும் இங்கேதான் கூடுகிறது. 64 உள்ளீட்டு யூனிட்டரி வலையில் 2016 உறுப்புகள், உறுப்புக்கு இரண்டு சூடேற்றிகள்: நடுக்கிளையில் ஒன்று, பிரிப்பான்களுக்கு வெளியே கட்டத்தைச் சரிசெய்ய இன்னொன்று. ஒவ்வொன்றும் சராசரியாக 10 மில்லிவாட் எடுத்தால், கணக்கு ஓடாதபோதும் 40 வாட். ஆன்டிமனி செலினைடு போன்ற, அணு அமைப்பே மாறும் கட்டமாற்றப் பொருள்கள் மின்சாரமின்றியே அமைப்பைத் தக்கவைக்கும். ஆனால் திரும்பத் திரும்ப எழுதினால் தேயும். பயிற்சி முடிந்து எடைகள் (அணியில் உள்ள எண்கள்) மாறாத வலைக்கு அவை ஏற்றவை. நொடிக்கு நொடி எடை மாறும் பயிற்சிக்கு இன்னும் சூடேற்றிகளையே நம்ப வேண்டியிருக்கிறது.