டம்ளர் எப்போது போனது?

அழகர்கோவிலில் அக்கா மகனுக்குக் காதுகுத்து முடிந்து திரும்பும்போது மணி 9-ஐத் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் நல்ல பசி, புதூரில் ஒரு புரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்தினோம். ஆர்டர் சொல்லிவிட்டுக் காத்திருந்த நேரத்தில் மாமா ஒரு வித்தை காட்டினார். அக்கா மகளிடம் ஒரு ரூபாய்க் காசு வாங்கி மேசைமேல் வைத்தார், காலியான எவர்சில்வர் டம்ளரை அதன்மேல் கவிழ்த்தார், பார்சல் கட்ட வைத்திருந்த பழைய செய்தித்தாளில் ஒரு தாளைக் கேட்டு வாங்கி டம்ளரைச் சுற்றி இறுக்கிப் பொதிந்தார். "இந்தக் காசு மேசையைத் துளைச்சுக்கிட்டுக் கீழ விழப்போகுது" என்றார்.

மேலே ஒரு தட்டு தட்டினார். பொதிந்த டம்ளரைத் தூக்கிப் பார்த்தால் காசு அங்கேயே கிடந்தது. மறுபடி மூடி, மறுபடி தட்டி, மறுபடி தூக்கினார், அப்போதும் போகவில்லை. "ஏத்தா, பூவா தலையா பாரு. தலை மேல இருந்தாத்தான் போகும்." அவள் குனிந்து பார்த்தாள், பூ. திருப்பி வைக்கச் சொன்னார், வைத்தாள். மூன்றாவது முறையாக மூடிவிட்டு, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. காகிதம் அப்பளம் மாதிரி மேசையோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே டம்ளர் இல்லை. மேசைக்கு அடியில் ணங்கென்று ஒரு சத்தம், கையை உள்ளே விட்டு டம்ளரை எடுத்து வைத்தார். காசு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இது மிகப் பழைய வித்தை. ஆரம்பக்காரர்கள் கற்கிற முதல் சில வித்தைகளில் ஒன்று, மேல்நாடுகளில் டம்ளருக்குப் பதில் உப்புக்குடுவையை வைத்துச் செய்வார்கள். அதனால் ரகசியத்தை இங்கே சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. அக்கா மகள் காசைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மாமாவின் கை மேசை விளிம்புக்கு வந்திருந்தது, பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார், டம்ளர் நழுவி மடியில் விழுந்தது. காகிதம் டம்ளரின் உருவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. மூன்றாவது முறை காசை மூடியது வெறும் காகிதக்கூடுதான். அடித்தபோது டம்ளர் போகவில்லை, அது அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

சரி, இது நல்ல வித்தையா? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வித்தையை ஜனங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியால் எடை போடுகிறார்கள்: கண்டுபிடிக்க முடிந்ததா இல்லையா. எனக்கு அந்தக் கேள்வி போதவில்லை. பார்த்தவரை ஒரு அரைமணி கழித்து, பார்க்காத ஒருவரிடம் நடந்ததைச் சொல்லச் சொல்லவேண்டும், அப்போது எதை விடுகிறார், எதைச் சேர்க்கிறார் என்று கவனிக்கவேண்டும். வித்தை வேலை செய்கிற இடம் அந்த விடுபடலில்தான் தெரியும்.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். நாம் எதிரே இருப்பதையெல்லாம் ஒரே தெளிவோடு பார்க்கிறோம் என்று நினைக்கிறோம், ஆனால் விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழிக்கு மட்டும்தான் அந்தத் தெளிவு உண்டு. அது பிடிக்கிற பரப்பு ஏறக்குறைய 2 டிகிரி. மேசைக்கு எதிர்ப்பக்கம் 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அந்த 2 டிகிரி சுமார் 2 செ.மீ. ஆகிறது, அதாவது கிட்டத்தட்ட ஒரு ரூபாய்க் காசின் அகலம். பூவா தலையா என்று பார்க்கிற நொடியில் அக்கா மகளின் கூர்மையான பார்வை முழுவதையும் அந்தக் காசே எடுத்துக்கொண்டது, மாமாவின் கை ஓரத்தில் ஒரு மங்கலான அசைவு மட்டுமே.

ஆனால் கண் எங்கே இருந்தது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. குஸ்டாவ் குன் என்ற உளவியலாளர், அவரே வித்தைக்காரரும்கூட, பெஞ்சமின் டாட்லருடன் சேர்ந்து 2005-இல் ஒரு சோதனை செய்தார். மேசைக்கு எதிரே உட்கார்ந்து சிகரெட்டையும் லைட்டரையும் மறைப்பது வித்தை, சிகரெட்டை ஒளிவு மறைவில்லாமல் மடியில் போட்டுவிடுவார், பார்ப்பவரின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவி பதிவு செய்துகொண்டிருக்கும். முதல் தடவை அதைக் கண்டவர்கள் மிகச் சிலர். இரண்டாம் தடவை காட்டியபோது ஏறக்குறைய எல்லோரும் கண்டுவிட்டார்கள். அதைவிட முக்கியம், கண்டவர்களின் பார்வையும் காணாதவர்களின் பார்வையும் அந்த நொடியில் விழுந்த இடங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. கண் பக்கத்தில் இருந்தும் கவனம் இல்லாவிட்டால் சிகரெட் விழுவது தெரியாது, கண் தள்ளி இருந்தும் கவனம் இருந்தால் தெரிந்துவிடும். ஒரே கூட்டத்துக்கு ஒரே வித்தையை இரண்டு தடவை காட்டாதே என்று வித்தைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதற்கு இதைவிடச் சுத்தமான நிரூபணம் கிடையாது.

அப்படியென்றால் மாமா கவனத்தை எப்படிப் பிடித்தார்? 'இங்கே பார்' என்று சொல்லியிருந்தால் கண் மட்டும்தான் அங்கே போயிருக்கும். அவர் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்லவேண்டிய கேள்வி கண்ணோடு சேர்த்து மனதையும் கட்டிப்போடுகிறது. அதிலும் காசுதான் போகப்போகிறது என்று முன்பே சொல்லிவிட்டதால் டம்ளருக்கு இந்தக் கதையில் ஒரு வேலையுமே இல்லை, அது வெறும் மூடி. இரண்டு தடவை தோற்றதும் நமக்குள் ஒரு தளர்ச்சி வந்துவிடுகிறது, 'இன்னும் ஒன்றும் நடக்கவில்லை' என்று. நடக்கவேண்டியது அந்த இடைவெளியில்தான் நடந்தது.

காகிதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு பொருளின் முன்பக்கம் தெரிந்தால் பின்பக்கத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் வெபியோர்ன் எக்ரோலும் கூட்டாளிகளும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. பாதிப் பந்து ஒன்றை விரல் நுனியில் கவிழ்த்து மேலிருந்து பார்த்தால், உள்ளே ஒன்றுமில்லை, தன் விரல்தான் இருக்கிறது என்று தெரிந்தும் அது முழுப்பந்தாகவே படுகிறது. முழுப்பந்துக்கு இடம் வேண்டுமே, அதனால் விரல் குட்டையாகிவிட்டது போல உணர்கிறார்கள். வீட்டில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டி முயன்று பாருங்கள். தெரிந்துகொண்டதால் மாயம் கலையாது. ரகசியம் தெரிந்த எனக்கும் அந்தக் காகிதக்கூட்டில் டம்ளர் 'இருந்தது', மாமா அடித்த அடியில் தோள் கொஞ்சம் குறுகியது.

அந்தக் கூட்டைப் பிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெறும் காகிதத்தைக் கனமுள்ள பொருள் மாதிரி தூக்கி வைக்கவேண்டும், விரல் இறுகினால் கூடு நசுங்கிவிடும், தளர்ந்தால் காற்றில் ஆடும். 2011-இல் கவினா-பிராடெசியும் குழுவினரும் இப்படிப் பொய்யாக எடுக்கிற கை அசைவை அளந்தார்கள். நம்மைப் போன்றவர்கள் இல்லாத பொருளை எடுப்பதாக நடித்தால் விரல்களின் விரிவு மாறிப்போகிறது, வித்தைக்காரர்களின் கையோ நிஜமாக எடுப்பது போலவே நகர்கிறது. ஆனால் பக்கத்தில் நிஜப்பொருள் கண்ணுக்குத் தெரியும்போது மட்டும்தான் அப்படி, மனதில் நினைத்துக்கொண்டு செய்யச் சொன்னால் அவர்களுடைய தேர்ச்சியும் மறைந்துவிடுகிறது. மாமாவுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது, ஆனால் பழகும்போது பக்கத்தில் இன்னொரு டம்ளரை வைத்துக்கொள்வார். கடையில் அந்த வேலையை எங்கள் டம்ளர்கள் செய்தன.

அன்றாடப் பொருள் என்பதால் சந்தேகம் குறையும் என்பது உண்மைதான். அதே சமயம் அதுவே சிக்கலும்கூட, ஏனென்றால் எவர்சில்வர் டம்ளர் எப்படிக் கனக்கும், எப்படிச் சத்தம் போடும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். முதல் இரண்டு முறையும் மாமா டம்ளரை மேசைக் கல்லின்மேல் சத்தம் கேட்க வைத்தார். மூன்றாவது முறை சத்தமே இல்லை, யாரும் கவனிக்கவில்லை, காரணம் அப்போது அவர் பேசிக்கொண்டே வைத்தார். மடியில் விழுந்தபோது சத்தம் வராததற்கு வேட்டிதான் காரணம். கால்களை லேசாக அகட்டி உட்கார்ந்தால் துணி தொட்டில் மாதிரி வாங்கிக்கொள்ளும், பேண்ட் போட்டிருந்தால் வழுக்கித் தரையில் விழுந்திருக்கும். சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்ததும் யோசித்துச் செய்ததுதான், பின்னால் சப்ளையர் நின்றால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

குறையும் சொல்லவேண்டும். டம்ளரை எதற்குக் காகிதத்தில் பொதியவேண்டும்? காசு விழுவதைப் பார்க்கக்கூடாதென்றால் எவர்சில்வரே மறைக்கிறதே! கடையில் காகிதம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்ததால் அந்தக் கேள்வி யாருக்கும் எழவில்லை, ஆனால் வீட்டில் செய்தால் எழும், மாமா அதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருக்கவேண்டும். அப்புறம், நழுவவிட்டதற்கும் அடித்ததற்கும் இடையே இன்னும் கொஞ்சம் நேரம் விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. முடிவு அதிர்ச்சியாக வந்ததும் பார்த்தவர்கள் பின்னோக்கிப் போய்த் தேடுவார்கள், தேடுகிற தூரம் நீளமாக இருந்தால் அவர்கள் மாமா அடித்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருவார்கள்.

அந்தப் பின்னோக்கிய தேடலில் நினைவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது, அதுவும் இந்தியாவிலிருந்தே. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் காட்டியதாகச் சொல்லப்பட்ட அற்புதங்களை விசாரிக்க 1884-இல் அடையாறுக்கு வந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சன், 1887-இல் வெளியான கட்டுரையில் தான் கண்டதை எழுதினார். ஒரு ஹோட்டல் வாசலில் தரையில் உட்கார்ந்த வித்தைக்காரர் காசுகளைத் துள்ளவைக்கிறார். ஓர் அதிகாரி தன் காசும் துள்ளுமா என்று கேட்கிறார், துள்ளுகிறது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவர், தானே காசைத் தரையில் வைத்ததாக அடித்துச் சொல்கிறார், மனைவி மறுத்தும் கேட்கவில்லை. உண்மையில் அவர் குனிந்து வைக்கப்போனபோது வித்தைக்காரர் லேசாக முன்னால் சாய்ந்து அந்தக் காசை அவர் விரல்களிலிருந்து வாங்கித் தானே வைத்திருந்தார். ஹாட்ஜ்சனுக்கு வித்தை தெரியும், அதனால் அந்தக் கைமாற்றத்துக்காகவே காத்திருந்து பார்த்தார். அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. வைக்க நினைத்தார், நினைத்தது நடந்ததாகவே நினைவில் தங்கிவிட்டது.

கையால் செய்கிற மாயத்துக்கெல்லாம் தமிழில் செப்பிடு வித்தை என்றே பெயர், செப்பு என்றால் சிறு கிண்ணம். கிண்ணத்தை மூடி, கிண்ணத்தைத் திறந்து, உள்ளே இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருப்பதை வைத்தே நடக்கிற வேலை அது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகள் ஆச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"டம்ளர் மேசை நடுவுலயே இருந்துச்சாம், நீங்க காகிதத்தைத் தொடவே இல்லையாம், ஒரே அடியில கல்லைத் துளைச்சுக்கிட்டுப் போயிருச்சாம், மாமா."

"பூவா தலையாவைச் சொன்னாளா?"

"இல்ல மாமா. அதைச் சொல்லவே இல்ல."

"சரி, அப்ப அது அப்படியே இருக்கட்டும். காகிதத்துக்கு மட்டும் ஒரு காரணம் யோசிக்கிறேன்" என்றார்.