கிராபிக்ஸ் கார்டு என்றால் வரைகலை அட்டை

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் அக்கா வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பார்க்கிறார். டாக்டர்கள் முணுமுணுத்து வைத்த பதிவை ஹெட்போனில் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. பக்கத்தில் கணினி விசிறி இரைந்தால் பாதி வார்த்தை காதில் விழாது. ஒரு திரை போதவில்லை, மூன்று வேண்டும், ஆனால் சத்தம் கூடாது என்றார். அதற்குக் கணினிக்குள் செருகித் திரைகளுக்குப் படம் அனுப்பும் அட்டை வேண்டும். கடைக்குப் போய் கிராபிக்ஸ் கார்டு என்று வாயைத் திறந்ததும் கடைக்காரத் தம்பி கேட்டது, "இன்னா கேமு ஆடுவீங்க?" அவர் மேல் தப்பில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போது எல்லோருக்கும் விளையாட்டுதான் நினைவுக்கு வருகிறது.

சொல்லின் வேர் கிரேக்கம். கிராபெய்ன் என்ற வினைக்குக் கீறு, எழுது, வரை என்று மூன்று பொருளும் உண்டு. நம் 'எழுது' என்ற சொல்லும் அப்படித்தான்: கண்ணுக்கு மை எழுதுகிறோம், பழந்தமிழில் ஓவியத்தையும் எழுதத்தான் செய்தார்கள். 'வரை' இன்னும் அகலமானது. கோடு, எல்லை, மலை எல்லாம் வரைதான். வேலூரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகளும் வரைதான், பகலில் வாங்கிய சூட்டை அவை ராத்திரியில் திருப்பிக் கொடுப்பதற்கும் இந்த அட்டைக்கும் சம்பந்தம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

1981-ல் ஐபிஎம் தன் முதல் பிசியோடு இரண்டு வகை அட்டை கொடுத்தது. ஒன்று வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி என்று எழுத்தை மட்டும் காட்டும். இன்னொன்று புள்ளி புள்ளியாக வண்ணப் படமும் போடும், அதற்குப் பெயர் கலர் கிராபிக்ஸ் அடாப்டர். ஆக கிராபிக்ஸ் என்ற சொல் இங்கே வந்தது, 'இது படமும் வரையும்' என்று பிரித்துச் சொல்லத்தான். 1999-ல் என்விடியா தன் ஜிபோர்ஸ் 256-ஐ ஜிபியு, அதாவது வரைகலைச் செயலி, என்று சொல்லி விற்ற பிறகு பேச்சு முழுக்க வேகத்தின் பக்கம் போய்விட்டது.

கார்டு லத்தீனின் கார்ட்டாவிலிருந்து வந்தது, தாள் என்று பொருள். போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்த 'கடுதாசி'யும் அதே வேர்தான். குடும்ப அட்டை, அடையாள அட்டை என்று ஏற்கெனவே பழகிவிட்டதால் 'அட்டை' என்பதே சரி. வீடியோ கார்டு என்பதை வைத்து 'நிகழ்பட அட்டை' என்றும் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏதோ படம் ஓட்டும் பெட்டி மாதிரி ஒலிக்கிறது. வரைகலை அட்டை என்றால் அது செய்யும் வேலை பெயரிலேயே தெரிகிறது.

அந்த வேலையை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். வேர்டு கோப்பும் இணையப் பக்கமும் மூன்று திரையில் வரைவது அட்டைக்குப் பெரிய பாரமே இல்லை. அதனால் வேகத்தைப் பார்க்காமல், அட்டையைக் கையில் வாங்கி அந்த இரும்புப் பட்டையில் திரையின் கம்பியைச் செருக எத்தனை வாய் இருக்கிறது என்று எண்ணுங்கள். தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) இருக்கும் வாய்களையும் சேர்த்து எண்ணுங்கள், சில வீடுகளில் அதுவே போதும். என்விடியாவின் ஜிடி 1030 அட்டை வெறும் 30 வாட், விசிறியில்லாமலும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் இரண்டு வாய்தான். நாங்கள் எடுத்தது அதே என்விடியாவின் டி400. அதுவும் 30 வாட், மினி டிஸ்ப்ளே போர்ட் என்ற சின்ன வாய் மூன்று, சின்னதாக ஒரு விசிறி.

பெட்டியில் போட்டிருக்கும் 'சைலன்ட்' என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். விசிறியே கிடையாது என்பதற்கும் அதைத்தான் போடுகிறார்கள், சூடு ஏறும்வரை விசிறி சுற்றாது என்பதற்கும் அதைத்தான் போடுகிறார்கள். முதல் வகையை விசிறியில்லா அட்டை என்றே சொல்லலாம். அதில் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட்சிங்க் தகடுகள் மட்டும்தான், கேபினெட்டுக்குள் காற்று ஓடினால்தான் தாங்கும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நம்ம ஊரில், மலை விடும் சூட்டில் ராத்திரியும் அறை குளிராது, அட்டைக்கு உள்ளே வரும் காற்றே சுடும். அதனால்தான் இங்கே விசிறியில்லாததை விட, குறைந்த வாட்டில் மெதுவாகச் சுற்றும் விசிறி உள்ளதே மேல் என்கிறேன்.

அப்படியும் முதல் இரண்டு நாள் அந்தச் சின்ன விசிறி ஓயவில்லை. பார்த்தால் இரண்டு திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பவை, ஒன்று மட்டும் 75. வேகம் இப்படி வேறுவேறாக இருந்தால் பல அட்டைகளின் நினைவகம் சும்மா கிடக்கும்போதும் முழு வேகத்தில் ஓடும், வீணாகச் சூடேறும். மூன்றையும் 60-க்கு மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் அக்கா ஹெட்போனைக் கழற்றி, கணினி அணைந்துவிட்டதா என்று மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.