ஒரே ஐபி, நூற்றுக்கணக்கான தளங்கள்

வலைத்தளத்துக்கு வேண்டிய டொமைன், ஹோஸ்டிங் (தளத்தைச் சர்வரில் வைத்திருக்கும் சேவை), மெயில், எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்) நான்கையும் ஒரே பேக்கேஜாக மாதம் இருநூறு ரூபாய்க்கும் குறைவாகத் தருகிறார்களே, எப்படிக் கட்டுப்படியாகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

டொமைன் நாம் ஆண்டுக் கட்டணம் கட்டி வைத்திருக்கும் பெயர், இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ் அதைச் சர்வரின் முகவரியான ஐபி எண்ணாக மாற்றித் தரும். இது தெரிந்த கதைதான். ரசிக்க வேண்டிய இடம் அதற்கு அப்புறம் வருகிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில், ஒரே ஐபி எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். செலவு பங்கிடப்படுவதால்தான் விலை கட்டுப்படியாகிறது. வருகிறவர் யாரைத் தேடி வந்தார் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியில், ஆரம்பகாலத்தில் தெரியாது. ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று மட்டும் பிரவுசர் கேட்கும், எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. அதனால் தளத்துக்கு ஒரு ஐபி வேண்டியிருந்தது. ஐபி எண்களின் பழைய வடிவமான ஐபிவி4இல் இருப்பதோ மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். 1997இல் வெளியான எச்டிடிபி 1.1 ஒரு வரியைக் கட்டாயமாக்கியது: ‘ஹோஸ்ட்’ என்று போட்டு, பக்கத்தில் தளத்தின் பெயர். சர்வர் அதைப் படித்து உரிய ஃபோல்டரைத் திறக்கும். அவ்வளவுதான்! இவ்வளவு பெரிய வணிகம் அந்த ஒற்றை வரியை நம்பி நடக்கிறது. உங்கள் தளம் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருந்தால், பெயருக்குப் பதில் ஐபி எண்ணை அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் தளம் வராது.

பேச்சை இடையில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் வந்ததும் பழைய சிக்கல் திரும்பியது. ஹோஸ்ட் வரி குறியாக்கத்துக்குள் போய்விட்டது. குறியாக்கம் தொடங்குமுன்பே, இது இந்தத் தளம்தான் என்பதற்கான சான்றிதழைச் சர்வர் காட்டியாக வேண்டும். யாருடையதைக் காட்டுவது? 2003இல் வரையறுக்கப்பட்ட எஸ்என்ஐ என்ற கூடுதல் வசதி, இணைப்பின் முதல் செய்தியிலேயே தளத்தின் பெயரைச் சொல்ல வைத்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அது கடைசிவரை தெரியாது. அதனால் எஸ்என்ஐ பரவப் பல ஆண்டுகள் பிடித்தன.

2015 முதல் லாப நோக்கமற்ற லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. பல பேக்கேஜ்களில் ‘இலவச எஸ்எஸ்எல்’ வருவது இங்கிருந்துதான். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழுக்கும் இதற்கும் குறியாக்க வலிமையில் வேறுபாடு இல்லை. நன்கொடையில் ஓடும் இந்தச் சேவையை வைத்துச் சம்பாதிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதற்குப் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பேக்கேஜில் பலவீனமான பகுதி மெயில். அதே ஐபியிலிருந்து பக்கத்துத் தளக்காரர் ஸ்பேம் அனுப்பினால், உங்கள் விலைப்பட்டியலும் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் விழும். டிஎன்எஸ்ஸில் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு தனியாக இருப்பதால், தளத்தைத் தொடாமல் மெயிலை மட்டும் வேறிடத்துக்கு மாற்றலாம். அதற்கு டொமைன் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், அதன் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பணம் கட்டுமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.