இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் என்ற பொய்

“வார நாட்களில் சாயங்காலம் தனியாக ஓடினால் 2 கிலோமீட்டரிலேயே கால் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகரில் குழுவோடு ஓடும்போது 5 கிலோமீட்டர் போனதே தெரிவதில்லை. உடம்பு அதே உடம்பு, ஷூ அதே ஷூ. நிஜமாகவே உள்ளுக்குள் ஏதாவது மாறுகிறதா, இல்லை எல்லாம் மனப்பிரமையா சார்?” தாம்பரத்திலிருந்து 51 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் இன்னொரு வரி: “நான்தான் குழுவிலேயே மெதுவான ஆள். என்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவோ என்று கூச்சமாகவும் இருக்கிறது.”

எனக்கு அந்தக் கடைசி வரிதான் மிகவும் பிடித்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். அம்மா, நீங்கள் செய்கிற ஒப்பீடே நியாயமானது இல்லை. சாயங்கால ஓட்டம் ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நின்று வந்து, சூடு இறங்காத ரோட்டில் நடப்பது. ஞாயிறு ஓட்டம் தூங்கி எழுந்து விடியற்காலையில் நடப்பது. அப்புறம் குழுவில் ஓடும்போது நீங்கள் பேசிக்கொண்டே ஓடுகிறீர்கள், அதாவது உங்களுக்குத் தெரியாமலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறீர்கள். ஒரு முழு வாக்கியம் பேச மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் தசையில் உருவாகும் அமிலத்தன்மையை ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் சமன்செய்யும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், அதை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கும், பேச்சு துண்டு துண்டாகும். மருமகளைப் பற்றியோ மெட்ரோ வேலையைப் பற்றியோ தடையில்லாமல் பேச முடிகிறது என்றால் நீங்கள் அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். தனியாக ஓடும்போது பேச ஆள் இல்லை, எல்லை தாண்டியது தெரிவதும் இல்லை.

ஆக, பாதி விடை இதிலேயே முடிந்தது. மீதிப் பாதியில்தான் சுவாரசியம் இருக்கிறது.

தசை சுருங்க ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும், ஏடிபி தயாரிக்கச் சர்க்கரையும் கொழுப்பும் ஆக்சிஜனும் வேண்டும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான், அதை விட்டுவிடுவோம். கூடவே படித்த ‘லாக்டிக் அமிலம் தேங்குவதால் கால் நின்றுபோகிறது’ என்பதை மறந்தேவிடுங்கள், அந்த அமிலம் உடம்பில் இருக்கும் வடிவமான லாக்டேட்டை தசையும் இதயமும் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு. “இனி ஓரடிகூட முடியாது” என்று நாம் நிற்கிற நொடியில், தசையால் நிஜமாகவே முடியவில்லையா?

சாமுவேலே மார்கோரா என்ற இத்தாலிய ஆய்வாளரும் வால்டர் ஸ்டையானோவும் 2010-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பத்து ரக்பி விளையாட்டு வீரர்களை அசையாத சைக்கிளில் உட்கார வைத்து, கடினமான ஒரு நிலையான அளவில், சராசரியாக 242 வாட், முடியாது என்று கைவிடும்வரை மிதிக்கச் சொன்னார்கள். கிட்டத்தட்ட பத்து நிமிடத்தில் ஆளாளுக்குக் கைவிட்டார்கள். அதாவது 242 வாட் கொடுக்க இனி என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த சில நொடிகளுக்குள்ளேயே, இறங்க விடாமல், “ஐந்தே ஐந்து விநாடி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு மிதி” என்றார்கள். மிதித்தார்கள். சராசரி 731 வாட்.

242 முடியாது என்ற அதே கால், அடுத்த மூச்சில் அதைப்போல மூன்று மடங்கு கொடுக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எண்ணைத் தப்பாக அச்சடித்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். தசை களைக்கவே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. களைப்பில்லாதபோது அவர்கள் ஆயிரம் வாட்டைத் தாண்டியவர்கள், அந்த அளவுக்கு இறங்கித்தான் போயிருந்தார்கள். ஐந்து விநாடி வேகத்துக்கு உடம்பு பயன்படுத்தும் எரிபொருள் வழி வேறு, அதனால் இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று மறுப்பவர்களும் உண்டு. ஆனாலும் தொட்டி வறண்டதால் வண்டி நிற்கவில்லை என்பது மட்டும் உறுதி. யாரோ சாவியைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள்.

அது யார்? மார்கோரா சொல்வது, ‘சிரமம்’ என்ற உணர்வு. இதை அளக்க ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் ஓர் அளவுகோல் செய்தார். விசித்திரமாக 6-இல் தொடங்கி 20-இல் முடியும், ஏனென்றால் அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் இளைஞர் ஒருவரின் இதயத் துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். சரி, இந்த உணர்வு எங்கிருந்து வருகிறது? வலிக்கிற காலிலிருந்து என்றுதான் யாரும் சொல்வோம்.

20 லிட்டர் வாட்டர் கேனைத் தோளில் வைத்து மாடி ஏறியிருக்கிறீர்களா? முதல் மாடியில் அது கேன். மூன்றாவது மாடியில் அது கல். நடுவில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கனம் கூடியதாக நமக்குத் தோன்றியது ஏன் என்றால், நாம் கேனின் எடையை அளந்து உணர்வதில்லை, அதைத் தூக்க மூளை அனுப்புகிற கட்டளையின் அளவைத்தான் உணர்கிறோம். மூளையின் இயக்கப் பகுதி தசைக்கு ஒரு கட்டளை அனுப்பும்போது, அதன் நகல் ஒன்றை உணர்வுப் பகுதிகளுக்கும் அனுப்பிவிடுகிறது. பழைய ஆபீஸ்களில் கார்பன் தாள் வைத்து எழுதுவோமே, அந்த மாதிரி. மேல் தாள் காலுக்கு, கீழ்த் தாள் ஃபைலுக்கு. தசை களைக்கக் களைக்க அதே விசைக்குப் பேனாவை இன்னும் அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது, நகலிலும் எழுத்து அழுத்தமாக விழுகிறது. அந்த அழுத்தம்தான் ‘சிரமம்’. தசையிலிருந்து திரும்பி வரும் செய்திகளுக்கும் இதில் பங்கு உண்டா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் நகல் என்று ஒன்று போகிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அப்படியானால் ஓட்டக்காரர் ஒவ்வொரு நிமிடமும் ஒரு தராசைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு தட்டில் சிரமம். இன்னொரு தட்டில் ‘இதற்காக எவ்வளவு சிரமப்படத் தயார்’ என்ற மனது. முதல் தட்டு தாழ்ந்த நொடியில் கால் நிற்கும். எந்தத் தட்டைத் தொட்டாலும் நிற்கும் இடம் மாறும், தசையில் ஒரு அணுவும் மாறாமலேயே. ஓடுவதற்கு முன் குடிக்கிற ஃபில்டர் காபி முதல் தட்டைக் குறைக்கிறது. ஆபீஸ் அதைக் கூட்டுகிறது: 90 நிமிடம் கணினித் திரையில் கவனம் தேவைப்படும் வேலை செய்துவிட்டு மிதித்தவர்கள், ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்தவர்களைவிடச் சுமார் 15 சதவீதம் முன்னதாகவே கைவிட்டார்கள். இதயத் துடிப்பிலோ லாக்டேட்டிலோ இதை விளக்கும்படி எந்த வித்தியாசமும் இல்லை, கூடியது சிரமம் மட்டுமே. இது 2009-இல் வந்த ஆய்வு. தாம்பரத்து அம்மாவின் சாயங்காலக் கால் ஏன் கெஞ்சுகிறது என்பதற்கு இதுவும் ஒரு பதில்.

இப்போது ஊக்கத்துக்கு வருவோம். மிதித்துக்கொண்டிருப்பவர்கள் முன்னால் ஒரு திரை, அதில் கண்ணுக்கே பிடிபடாத வேகத்தில், ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம், முகங்கள் வந்து மறைகின்றன. ஒரு நாள் சிரித்த முகம், ஒரு நாள் சோக முகம். பார்த்ததே அவர்களுக்குத் தெரியாது. சிரித்த முகம் காட்டிய நாளில் ஏறக்குறைய மூன்று நிமிடம் கூடுதலாகத் தாங்கினார்கள். பதின்மூன்று பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான், இதை வைத்துக் கோயில் கட்ட வேண்டாம். ஆனால் தண்ணீர் நீட்டுகிற முகத்தில் இருக்கும் சிரிப்பு வெறும் மரியாதை இல்லையோ என்று யோசிக்க வைக்கிறது. ஆய்வகங்களில் உச்சகட்ட ஓட்டச் சோதனையின்போது குரல் கொடுத்து உற்சாகப்படுத்திப் பார்த்த ஆய்வும் உண்டு: 20 விநாடிக்கு ஒரு முறை கத்தினாலும் 60 விநாடிக்கு ஒரு முறை கத்தினாலும் பலன் இருந்தது, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் இல்லை. ஒரு தடவை “சூப்பர்” சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்கப் போய்விட்டால் போதாது போலிருக்கிறது.

தலைப்பில் சொன்ன பொய் இங்கேதான் வருகிறது. ஒரு ஜனவரி மாதம், 21 கிலோமீட்டர் ஓட்டம், 18-ஆவது கிலோமீட்டரில் நான் நடக்கலாமா ஓடலாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, வெட்டிய ஆரஞ்சுத் துண்டு கொடுத்த கல்லூரிப் பையன் “இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் அங்கிள், வாங்க வாங்க!” என்றான். நம்பி ஓடினேன். ஒரு கிலோமீட்டர் முடிந்தது, திருப்பத்தில் பார்த்தால் முடிவுக் கோட்டின் வளைவையே காணோம். அதற்குப் பிறகு வந்த இரண்டு கிலோமீட்டர் போல நான் எப்போதும் கஷ்டப்பட்டதில்லை.

இதையும் அளந்திருக்கிறார்கள். 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தென்னாப்பிரிக்க விளையாட்டு அறிவியலாளர் டிம் நோக்ஸ் உள்ளிட்ட குழு, டிரெட்மில்லில் பத்து நிமிடம் ஓட வேண்டும் என்று சொல்லி ஓட வைத்து, பத்தாவது நிமிடம் முடியும் நேரத்தில் “இன்னும் பத்து நிமிடம்” என்றது. வேகம் அதே வேகம், இதயத் துடிப்பும் அப்படியே. ஆனால் அடுத்த நிமிடமே சிரமத்தின் எண் திடீரென்று ஏறியது, மனநிலை சரிந்தது. மூளை மீதித் தூரத்தை மனதில் வைத்துத்தான் சிரமத்தைப் பங்குபோட்டுச் செலவழிக்கிறது. கணக்கைக் குழப்பினால் வட்டியோடு வாங்கிவிடும். ஆகவே சாலையோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, உற்சாகமாகக் கத்துங்கள், தூரத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

குழு என்பது குரல் மட்டும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் செய்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பன்னிரண்டு துடுப்பு வீரர்களை 45 நிமிடம் துடுப்பு இயந்திரத்தில் ஒரு நாள் தனியாகவும் ஒரு நாள் குழுவாகவும் பயிற்சி செய்ய வைத்து, முடிந்ததும் கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். போட்ட உழைப்பு இரண்டு நாளும் ஒன்றே. குழுவாகச் செய்த நாளில்தான் வலி தாங்கும் எல்லை அதிகமாக உயர்ந்திருந்தது. அவர்கள் இதற்கு, உடம்பே சுரக்கும் வலி மருந்தான எண்டார்ஃபினைக் காரணம் சொன்னார்கள். ஓடி முடித்ததும் வரும் அந்த லேசான மிதப்புக்கும் நெடுநாளாக எண்டார்ஃபின்தான் பெயர் வாங்கிக்கொண்டிருந்தது, ஆனால் எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும் ஓட்டக்காரர்களுக்கு அந்த மிதப்பு வந்ததை ஜெர்மனியில் 2021-இல் காட்டினார்கள். இப்போது சந்தேகம் வேறொரு மூலக்கூறின் மேல். 1992-இல் ஜெருசலேமில் கண்டுபிடித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் அனந்தமைடு. வடமொழி ஆனந்தம்தான், நம் பக்கத்து வீட்டு ஆனந்தன் பெயரில் இருக்கிறதே, அதுவே.

இனி அந்தக் கூச்ச வரி. 1920-களில் ஓட்டோ கோஹ்லர் என்ற ஜெர்மானியர் பெர்லின் துடுப்புப் படகுக் கிளப் ஆட்களை வைத்து எடை தூக்கும் சோதனை செய்தார். இருவர் சேர்ந்து இரு மடங்கு எடையைத் தூக்க வேண்டும், ஒருவர் கைவிட்டால் ஆட்டம் முடிந்தது. பலவீனமானவர் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாங்கினார். அதிலும் இருவரின் பலமும் சமமாக இருந்தால் பலன் குறைவு, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றாலும் குறைவு, நடுத்தர வித்தியாசத்தில்தான் உச்சம். உங்களைவிடக் கொஞ்சம் வேகமானவர் பக்கத்தில் ஓடுவதன் மதிப்பு இது.

வேகமானவருக்கு என்ன லாபம்? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சினான் அரலும் கிறிஸ்டோஸ் நிக்கோலைடிஸும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டத்தைப் பதிவுசெய்யும் வலைப்பின்னலில் இருந்த 11 லட்சம் பேரின் ஐந்து வருடக் கணக்கு. இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நண்பர்கள் இருவரும் ஓடுகிறார்கள் என்றால் ஒருவர் மற்றவரைத் தூண்டினாரா, இல்லை ஒரே ரசனை உள்ளவர்கள் நண்பர்கள் ஆனார்களா? அவர்கள் பிடித்த வழி எனக்கு அவ்வளவு பிடிக்கும்: மழை. உங்கள் நண்பர் இருக்கும் ஊரில் மழை பெய்தால் அவர் ஓட மாட்டார். உங்கள் ஊரில் வெயில். அவர் ஊர் மழைக்கும் உங்கள் காலுக்கும் சம்பந்தமே இல்லை, அப்படியும் அன்று உங்கள் ஓட்டம் குறைந்தால் காரணம் நண்பர்தான். குறைந்தது. நண்பர் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓடினால் நாம் 300 மீட்டர் கூடுதலாக ஓடுகிறோம். அதைவிட முக்கியம், குறைவாக ஓடுபவர்கள்தான் அதிகம் ஓடுபவர்களைத் தூண்டுகிறார்கள், மறுபக்கம் அப்படி இல்லை. பின்னால் வருபவர் எட்டிப் பிடித்துவிடுவாரோ என்ற பயம், வேறென்ன.

இதற்கெல்லாம் ஓர் எல்லை இருக்கிறது. ஊக்கம் தராசைத் தொடும், உடம்பின் வெப்பத்தைத் தொடாது. நம் கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், ஆவியானால்தானே குளிர்ச்சி. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி ஒருவர் தள்ளாடுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால் அது வெப்பத்தாக்கு. அங்கே “விடாதீங்க, முடியும்” என்பது கொலைக்குச் சமம். படுக்க வைத்துத் தண்ணீரும் ஐஸும் கொட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

மாரத்தானுக்கு முதல் நாள் கண்காட்சிகளில் ‘சக்தி தரும்’ காந்த வளையம் விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டைமிங்கைச் சொன்னால் கண் படும் என்று கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டுபவர்களையாவது மன்னிக்கலாம், பத்து ரூபாயோடு போகிறது. மேலே சொன்ன சோதனைகளில் பல, பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துச் செய்தவை. ஒரு பயிற்சி சைக்கிள், ஸ்டாப் வாட்ச், போர்க் அளவுகோலின் ஜெராக்ஸ் ஒன்று. நம் உடற்கல்வியியல் கல்லூரி ஒன்றுக்கு ஒரு ஆண்டு விழாப் பந்தல் செலவைக் கொடுத்தால் நூறு பேரை வைத்து, நம் வெயிலில், நம் 50 வயதுக்காரர்களை வைத்தே செய்துவிடலாம்.

எங்கள் குழுவில் இருபத்தெட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். தன் 10 கிலோமீட்டரை முடித்ததும் நிற்க மாட்டான், வந்த வழியே திரும்பிப் போய்க் கடைசியில் வரும் அக்காவோடு பேசிக்கொண்டே ஓடி வருவான். போன வாரம் அந்த அக்கா முடிவுக்கு வந்து “என்னால் உனக்கு எவ்வளவு லேட்டுப்பா” என்றார். அவன் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினான். 11.6 என்றிருந்தது. “போன ஞாயிறு நீங்க வரலை அக்கா, பத்தோடு இட்லிக் கடைக்குப் போய்ட்டேன்” என்றான்.