ஐம்பது புட்டித் தேனும் இரண்டு மென்பொருளும்

மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடையில் பில் போட ஒரு சாஃப்ட்வேர், ஆன்லைன் ஆர்டருக்கு இன்னொன்று. இரண்டையும் இணைத்துத்தான் தந்திருக்கிறார்கள். ஆனாலும் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் இருப்பு ஒத்துவருவதில்லை. ஏன்?" மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர் கூடியிருக்கிறதாம். கூடவே இந்தக் குழப்பமும்.

காலையில் இரண்டிலும் இருப்பு 50 புட்டி. மழையில் கடையின் நெட் போய்விடுகிறது. கடையில் 7 விற்றாகிவிட்டது, அங்கே இருப்பு 43. இணையதளம் வேறெங்கோ சர்வரில் ஓடுவதால் அது பாட்டுக்கு 5 விற்றுவிட்டது, அங்கே 45. நெட் திரும்பியதும், 'கடைசியாகப் பதிந்தது எதுவோ அதுவே சரி' என்று பல மென்பொருள்கள் முடிவுகட்டிவிடும். 43, 45 இரண்டுமே தப்பு. உண்மையான இருப்பு 38.

சரி, மொத்தத்தை விட்டுவிட்டு '5 கழித்துக்கொள்' என்று மாற்றத்தை மட்டும் அனுப்பலாமே? அனுப்பலாம். ஆனால் செய்தி சேர்ந்தபின் 'கிடைத்தது' என்ற பதில் வழியில் தொலைந்துபோனால், அனுப்பிய மென்பொருளுக்கு அது தெரியாது. மறுபடியும் அனுப்பும். இன்னொரு 5 கழிந்து, இருப்பு 33 ஆகிவிடும். வாசகரின் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் பிசகுகிறது என்பது என் ஊகம்.

இதற்கு உள்ள தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. இருப்பு என்ற எண்ணையே யாரும் எழுதி வைக்கக் கூடாது. ஒவ்வொரு மென்பொருளிலும் இரண்டு பத்திகள்: 'கடை இதுவரை விற்றது', 'ஆன்லைன் இதுவரை விற்றது'. தன் விற்பனையைத் தன் பத்தியில் மட்டுமே ஏற்றலாம். மற்றவருடைய பத்தி வெறும் நகல். செய்தியாகப் போவது 'இதுவரை 5' என்ற எண். வாங்குபவர் கையிலுள்ள நகலையும் வந்த எண்ணையும் ஒப்பிட்டு, பெரியதை வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்!

ஏன் இது பிசகாது? 5ஐயும் 5ஐயும் கூட்டினால் 10. ஆனால் 5, 5 இரண்டில் பெரியது 5தான். ஒரே செய்தி நூறு தடவை வந்தாலும் கெடுதல் இல்லை. பழைய 'இதுவரை 3' தாமதமாக வந்தால், 5 முன்னால் அது தானே தோற்றுவிடும். வரிசை மாறினாலும் விடை மாறாது. இருப்பு வேண்டுமா? 50லிருந்து 7ஐயும் 5ஐயும் கழித்தால் 38, இரண்டு இடத்திலும். ரப்பர் தளிர்விடும் மாதங்களில் புதுத் தேன் வந்து சேர்ந்தால் அதற்குத் தனியாக 'வரவு' பத்தி. வாடிக்கையாளர் திருப்பித் தந்த புட்டியும் அதில்தான் ஏறும். விற்பனைப் பத்தியில் கைவைத்துக் குறைத்தால் 'பெரியதை எடு' என்ற விதி உடைந்துவிடும்.

இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு சிஆர்டிடி (CRDT, 'மோதலின்றி ஒன்றுபடும் நகல் தரவு வகை') என்று பெயர். என்ன நிபந்தனைகள் இருந்தால் நகல்கள் கட்டாயம் ஒன்றுபடும் என்பதை கணினி ஆய்வாளர் மார்க் ஷாபிரோவும் சகாக்களும் 2011இல் நிறுவினார்கள். அவர் பணிபுரிந்த இன்ரியா, பிரான்சின் அரசு ஆய்வு நிறுவனம். 'இதனால் நாளைக்கே என்ன லாபம்?' என்று கேட்டுத்தான் பணம் தருவோம் என்றால் இப்படியான கணிதம் பிறக்காது. நம் பல்கலைக்கழகங்களுக்கும் அந்தப் பொறுமையான நிதி வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடைகளில் உள்ள சாதாரண மென்பொருள்களில் பத்தி முறை அரிது. சரியாக எழுதப்பட்டவற்றில் ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் கொடுத்து, ஏற்கெனவே வந்த எண்ணை ஒதுக்குவார்கள். வாசகர் தன் மென்பொருள்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "ஒரே செய்தி இரண்டு தடவை வந்தால் என்ன செய்யும்?" விலை ஏறி இறங்கும் என்பதால் அதற்குப் 'பெரியதை எடு' வித்தை உதவாது. அதை ஒரே இடத்தில் மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் புட்டியை இருவரும் ஒரே நேரத்தில் விற்றுவிட்டால் பத்திகளும் காப்பாற்றாது. அதற்கு முன்கூட்டியே பங்கு பிரிப்பதுதான் வழி: 38இல் கடைக்கு 20, ஆன்லைனுக்கு 18. தன் பங்கு இருக்கும்வரை நெட் இல்லாமலும் விற்கலாம். தீர்ந்தால் மற்றவரிடம் கேட்டு வாங்கிய பிறகே அடுத்த பில்.