கடை ரேக்கின் உயிர் கொக்கியில்

கடையில் நிற்கும் இரும்பு ரேக்கில் இருந்து ஒரு தட்டைக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம். பொருள்களை எடுத்துவிட்டு, தட்டின் முன்விளிம்பைச் சற்று நிமிர்த்தி மேலே தூக்கினால் தாங்கியோடு கையில் வந்துவிடும். வேறு உயரத்தில் உள்ள துளையில் நுழைத்து மேலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் மறுபடியும் 100 கிலோவைச் சுமக்கத் தயார். போல்ட் கிடையாது, வெல்டிங் கிடையாது. இவ்வளவு சுலபமாகக் கழலும் ஒன்று அவ்வளவு பாரத்தை எப்படித் தாங்குகிறது?

தாங்கியின் பின்முனையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கொக்கி இருக்கிறது. விடை அதில்தான். ரேக் வாங்குபவர்கள் தகட்டின் தடிமனைக் கேட்கிறார்கள், நிறத்தைக் கேட்கிறார்கள். கொக்கியைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. வடிவமைப்பவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் உறுப்புகள். வரிசையாகத் துளையிட்ட தூண். தூணின் அடியில் முன்னோக்கி நீளும் அடிக்கால். தூண்களுக்கு நடுவே மாட்டும் பின்பலகை. துளையில் நுழையும் தாங்கி, அதாவது பிராக்கெட். அதன்மேல் உட்காரும் தட்டு. பாரம் தட்டில் இருந்து தாங்கிக்கு, தாங்கியில் இருந்து கொக்கி வழியாகத் தூணுக்கு, தூணில் இருந்து அடிக்கால் வழியாகத் தரைக்குப் போகிறது. இந்தப் பாதையில் மிகச் சிறிய உறுப்பு கொக்கி. மொத்தப் பாரமும் அந்தச் சந்து வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தட்டின் ஆழம் 400 மி.மீ., அதில் சீராகப் பரப்பிய பாரம் 100 கிலோ. பாரத்தின் மையம் தூணில் இருந்து 200 மி.மீ. முன்னால் இருக்கிறது, ஆகவே அது தாங்கியை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கும். கவிழாமல் இரண்டு இடங்கள் பிடித்துக்கொள்கின்றன. மேல் கொக்கி தூணின் தகட்டை உட்புறமாகப் பற்றி இழுக்கிறது. தாங்கியின் கீழ்முனை தூணின் முகத்தில் அழுந்தி உதைக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே 100 மி.மீ. இருந்தால், மேலே வரும் இழுப்பு 100 × 200 ÷ 100, அதாவது 200 கிலோ. இடது, வலது தாங்கிகள் பங்கிட்டுக்கொள்வதால் கொக்கி ஒன்றுக்கு 100 கிலோ. செங்குத்தாக இறங்கும் 50 கிலோ இது போகத் தனி.

இப்போது தாங்கி மெலிதாகத் தெரிய வேண்டும் என்று அந்த இடைவெளியை 50 மி.மீ. ஆக்கினால் கொக்கியின் இழுப்பு 200 கிலோவாக இரட்டிக்கிறது. தாங்கியை அப்படியே விட்டுத் தட்டை மட்டும் 600 மி.மீ. ஆழமாக்கினால் இழுப்பு 150 கிலோ. ஆழமான தட்டில் அதிகப் பொருளும் ஏறும் என்பதால் பாரமும் 150 கிலோ ஆகிவிடும். அப்போது கொக்கிக்கு 225 கிலோ. ஆழத்தை ஒன்றரை மடங்காக்கினால் கொக்கியின் சுமை இரண்டே கால் மடங்கு. தட்டை ஆழமாக்கிவிட்டுப் பழைய தாங்கியையே மாட்டுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் பிழை.

கொக்கி பெரும்பாலும் நேர் இழுப்பில் அறுவதில்லை. அதன் வளைவு மெல்ல மெல்லத் திறந்துகொள்கிறது. உள்மூலை கூர்மையாக வெட்டப்பட்டிருந்தால் விசை முழுவதும் அந்தப் புள்ளியில் குவிந்து அங்கே கீறல் விழும். உள்மூலையை வெட்டும்போதே சிறிய வளைவு கொடுத்துவிட்டால் விசை பரவிவிடும்.

கொக்கியின் இன்னொரு வேலை ஆட்டமில்லாமல் பிடிப்பது. மேல் கொக்கியில் 1 மி.மீ. தளர்வு இருந்தால், 100 மி.மீ. உயரத் தாங்கி அந்த அளவுக்கு முன்னால் சாயும், 400 மி.மீ. தள்ளி இருக்கும் தட்டின் முன்விளிம்பு 4 மி.மீ. தொங்கும். படுக்க வைத்த உருளை டப்பாக்கள் தாமாக முன்னோக்கி உருள இந்தச் சரிவு போதும். அதனால்தான் நல்ல கொக்கியின் வாய் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். பாரம் ஏற ஏறத் தாங்கி கீழே இறங்கி, தூணின் தகட்டை ஆப்புப் போல இறுக்கிக்கொள்ளும். பாரமே பூட்டாகிவிடுகிறது. ஆனால் மேல்நோக்கி வரும் விசைக்கு இந்தப் பூட்டு நிற்காது. குனிந்திருந்தவர் நிமிரும்போது தலையோ தோளோ தட்டை அடியில் இருந்து இடித்தால் கொக்கி கழன்றுவிடலாம். மக்கள் நடமாடும் இடத்தில் ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு பூட்டுநாக்கோ ஊசியோ இருந்தே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வரைபடத்தில் தெரியாத ஒரு சிக்கல் பவுடர் கோட்டிங்கில், அதாவது பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சில், ஒளிந்திருக்கிறது. 3 மி.மீ. தடிமனுள்ள கொக்கி, 3.5 மி.மீ. அகலமுள்ள துளை, தாராளமாக அரை மி.மீ. இடைவெளி. இரண்டுக்கும் 70 மைக்ரான் (0.07 மி.மீ.) பூச்சு ஏறினால் கொக்கி இரு பக்கமும் பருத்து 3.14 ஆகும், துளை இரு பக்கமும் சுருங்கி 3.36 ஆகும். மிஞ்சுவது 0.22 மி.மீ. தொழிலாளி கொஞ்சம் தாராளமாக அடித்துப் பூச்சு 120 மைக்ரானுக்குப் போனால் கொக்கி 3.24, துளை 3.26. இனி சுத்தியலால் அடித்தால்தான் உள்ளே போகும்; போகும்போது பூச்சு உரிந்து, அங்கிருந்து துரு தொடங்கும். மாதிரித் தாங்கியைப் பூச்சுக்கு முன் பார்த்துச் சம்மதம் சொல்வதில் பயனில்லை. பூச்சு அடித்த தூணில், பூச்சு அடித்த தாங்கியை மாட்டிப் பார்க்க வேண்டும்.

தூணும் துளையும்

60 × 30 மி.மீ. செவ்வகக் குழாய், சுவர்த் தடிமன் 2 மி.மீ. என்று ஒரு தூணை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத் தட்டுக்கு ஒன்று, வலப்பக்கத் தட்டுக்கு ஒன்று என 30 மி.மீ. முகத்தில் இரண்டு வரிசைத் துளைகள். ஒவ்வொன்றும் 4 மி.மீ. அகலம். ரேக் இருபுறமும் பயன்படுவது என்றால் பின்முகத்திலும் அதே போல. தூண் வளையும்போது அதிக இழுப்பும் அதிக அழுத்தமும் வருவது இந்த இரு முகங்களில்தான். நாம் துளை போடுவதும் அங்கேதான். துளை உள்ள வெட்டுமுகத்தில் வளைவைத் தாங்கும் திறன் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. துளையில்லாத குழாயின் பட்டியலைப் பார்த்துத் தூணைத் தேர்ந்தெடுத்தால் இந்த ஆறில் ஒரு பங்கு கணக்கில் வராமலே போகும்.

ஒரு துளையில் இருந்து அடுத்த துளைக்கு உள்ள தூரம்தான் முழு அமைப்பின் இலக்கணம். 25 மி.மீ., 50 மி.மீ. இரண்டும் பரவலாக உண்டு. பொருளின் உயரம் 180 மி.மீ., கை நுழைய 50, தட்டின் விளிம்பு 30; மொத்தம் 260. துளைத் தூரம் 50 என்றால் தட்டுகளை 300-க்கு ஒன்றாகத்தான் வைக்க முடியும். 25 என்றால் 275-க்கு ஒன்று. 1650 மி.மீ. உயரத்தில் முதல் வகையில் 5 அடுக்கு, இரண்டாவதில் 6. துளைகள் கூடினால் வெட்டும் செலவு கூடும் என்பது உண்மை. ஆனாலும் பொருள் அடிக்கடி மாறும் கடைக்கு 25 மி.மீ. வாங்குவதே நல்லது.

துளைகளின் ஒழுங்கில் ஒரு முழு அமைப்பையே கட்டலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் டெமெட்ரியஸ் கொமினோ. லண்டனில் அச்சகம் நடத்திய அவர் 1947-இல் டெக்ஸியன் நிறுவனத்தைத் தொடங்கி, நெடுக வரிசைத் துளைகள் போட்ட எல் வடிவ இரும்புப் பட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதை வேண்டிய நீளத்துக்கு வெட்டி போல்ட் போட்டு இணைக்கலாம். பிரித்து வேறொன்றாகவும் கட்டலாம். போல்ட்டே இல்லாத இன்றைய கொக்கி ரேக்கும் அதே எண்ணத்தில்தான் நிற்கிறது: தூணைத் தொடாமல் தட்டை மாற்று.

அகலக் கணக்கில் ஏமாறுவது எளிது. இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு கட்டம்; 10 கட்டம் கொண்ட வரிசைக்கு 11 தூண்கள் வேண்டும். நடுத்தூணை இரு கட்டங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. 1000 மி.மீ. கட்டம் என்று விற்பவர் சொல்வது தூணின் நடுவில் இருந்து அடுத்த தூணின் நடு வரையா, இல்லை தட்டின் நீளம் மட்டுமா? முதல் வகையில், 30 மி.மீ. தூணோடு வரிசையின் மொத்த நீளம் 10,030 மி.மீ. இரண்டாவதில் 10,330. சுவரின் நீளம் 10,200 என்றால் முதலாவது அடங்கும், இரண்டாவதில் ஒரு கட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். ஒவ்வொரு கட்டத்திலும் அரை மி.மீ. பிசகு இருந்தால் வரிசை முடிவில் 5 மி.மீ. வரை சேரும், சுவர் மூலையும் எப்போதும் செங்கோணமாக இருப்பதில்லை. வரிசைக் கடைசியில் 50 மி.மீ. விட்டுத் திட்டமிடுவது நல்லது.

தட்டு ஏன் மடிக்கப்படுகிறது

0.8 மி.மீ. தடிமன், 400 மி.மீ. அகலமுள்ள வெறும் தகட்டை இரு முனையில் தாங்கினால் தன் எடைக்கே குழிந்துவிடும். அதே தகட்டின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் 30 மி.மீ. கீழே மடித்தால் வளைவை எதிர்க்கும் விறைப்பு 700 மடங்குக்கு மேல் கூடுகிறது. கூடுதலாகச் சேர்ந்தது வெறும் 60 மி.மீ. அகலத் தகடு. தடிமன் அல்ல, உயரம்தான் விறைப்பைத் தருகிறது. இப்படி மடித்த 1000 மி.மீ. நீளத் தட்டில் 60 கிலோவைப் பரப்பினால் நடுவில் இறங்குவது ஏறத்தாழ 3 மி.மீ. மட்டுமே. நீளத்தில் 200-இல் ஒரு பங்கு, அதாவது 5 மி.மீ. வரை பொறுத்துக்கொள்வது பொதுவான வழக்கம். அகலத் தட்டின் அடியில் ஒரு தொப்பி வடிவப் பட்டையைப் பற்றவைத்தால் நடுப்பகுதி அலையடிக்காமல் இருக்கும்.

மரப்பலகைக்குக் கணக்கு வேறு. 18 மி.மீ. தடிமன், 300 மி.மீ. ஆழம், 900 மி.மீ. நீளமுள்ள பார்ட்டிக்கிள் போர்டில் 30 கிலோவைப் பரப்பினால் அன்றைக்கே 8 மி.மீ. போலத் தொங்கும். அதோடு நிற்காது. மரத்துகள் பலகை நிலையான பாரத்தில் மாதக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். முதல்நாள் தொங்கலைப் போல இரு மடங்குக்குப் போவது சாதாரணம். நீளத்தை 600 ஆகக் குறைத்து, அதே அடர்த்தியில் 20 கிலோ வைத்தால் தொங்கல் ஒன்றரை மி.மீ. தான். நீளத்தின் நான்காம் மடிக்குத் தொங்கல் கூடும் என்பதால், பலகையைத் தடிமனாக்குவதைவிட நடுவே ஒரு தாங்கி சேர்ப்பதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. கண்ணாடித் தட்டு என்றால் ஒன்றே ஒன்று: டஃபன் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியாக்கிய, பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது, அளவை முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

சாய்வு

சுவரோரம் நிற்கும் ரேக்கில் அடிக்கால் 400 மி.மீ., தட்டுகளும் 400 மி.மீ., மொத்தப் பாரம் 200 கிலோ என்று வைப்போம். பாரத்தின் மையம் அடிக்காலின் முன்முனைக்கு 200 மி.மீ. உள்ளே இருக்கிறது. 1500 மி.மீ. உயரத்தில் ஒருவர் பிடித்து இழுத்தால், கவிழ்க்க ஏறக்குறைய 27 கிலோ விசை வேண்டும். இதே பாரத்தை 300 மி.மீ. அடிக்காலில், 500 மி.மீ. தட்டுகளில் வைத்தால் மையத்துக்கும் முனைக்கும் இடையே 50 மி.மீ. தான் மிச்சம், 7 கிலோ விசைக்கே சாய்ந்துவிடும். அந்த உயரத்தில் ஒருவர் தட்டை ஒரு கையால் இழுத்தால் போதும். அடிக்காலைவிட ஆழமான தட்டு எந்த அடுக்கிலும் வரக் கூடாது. மேலே போகப் போக ஆழம் குறைவது நல்லது, கீழ்த்தட்டுக்கு வெளிச்சமும் கிடைக்கும். உயரம் அடிக்காலின் நீளத்தைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் சுவரோடு இணைத்துவிடுங்கள்.

பக்கவாட்டுச் சாய்வைத் தடுப்பது பின்பலகை. அலங்காரத்துக்கு என்று நினைத்து அதைக் கழற்றினால் செவ்வகச் சட்டம் இணைகரமாகச் சரியத் தொடங்கும். மின்பெட்டி குறுக்கே வருவதால் பலகை வைக்க முடியாத கட்டத்தில் எக்ஸ் வடிவில் இரண்டு பட்டைகளைக் கட்டாயம் போட வேண்டும்.

நிறுத்தும்போது தரையின் மிக உயர்ந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே முதல் தூணை நிறுத்த வேண்டும். அடியில் உள்ள லெவலிங் திருகுகள் ரேக்கை உயர்த்தத்தான் முடியும், தாழ்த்த முடியாது. பள்ளத்தில் தொடங்கினால் மேடு வரும்போது வழியில்லை. 400 மி.மீ. அடிக்காலில் 1 மி.மீ. ஏற்றத்தாழ்வு, 2000 மி.மீ. உயரத்தில் 5 மி.மீ. சாய்வாகத் தெரியும். தாங்கி மாட்டும்போது துளைகளைக் கீழே இருந்து எண்ணுங்கள். இடது தூணில் 14, வலது தூணில் 15 என்று போனால் தட்டு கோணுவதோடு கொக்கியும் முறுகும். பொருளை அடுக்கும்போது கீழ்த்தட்டு முதலில், எடுக்கும்போது மேல்தட்டு முதலில்.

ஓடிக்கொண்டிருக்கும் கடையில் ரேக்கின் நலத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். தட்டைக் காலி செய்து தாங்கியைக் கழற்றி, கொக்கியின் உள்மூலையை வெளிச்சத்தில் பிடியுங்கள். பூச்சில் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அடியில் உள்ள இரும்பு ஏற்கனவே வளைந்திருக்கிறது. துளையின் கீழ்விளிம்பு நசுங்கி வெளியே உப்பியிருந்தால் தூணும் பாதிக்கப்பட்டிருக்கிறது. வளைந்த தாங்கியை அடித்து நிமிர்த்தி மறுபடி மாட்டக் கூடாது. நிமிர்த்தும் அந்த அடியே கீறலைத் திறந்துவிடும். தாங்கியை மாற்றுங்கள், நசுங்கிய துளையை விட்டுவிட்டு அடுத்த துளைக்குப் போங்கள்.