சங்கிலி ரம்பத்தின் பல் எப்படி அறுக்கிறது?

“வீட்டு விறகுக்கு ஒரு சங்கிலி ரம்பம் வாங்கலாம் என்று இருக்கிறேன். 35 சிசி போதுமா, 50 சிசி வேண்டுமா, இல்லை பேட்டரியிலேயே ஓட்டிவிடலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கடைக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது இந்த சிசி கணக்குதான். என்னைக் கேட்டால் எஞ்சின் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். மரத்தைத் தொடுவது சங்கிலியில் இருக்கும் சின்னஞ்சிறு பல். அந்தப் பல் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால், எத்தனை சிசி வேண்டும் என்பதை நாமே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

மற்ற பாகங்களைச் சட்டென்று பார்த்துவிடுவோம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வேகமெடுத்ததும் மையவிலக்கு விசையால் கிளட்ச் விரிந்து பிடிக்கிறது, ஸ்ப்ராக்கெட் என்ற பற்சக்கரம் சுற்றுகிறது, அது சங்கிலியை இழுக்கிறது. சங்கிலி ஓடுவது ‘பார்’ எனப்படும் நீண்ட எஃகுப் பட்டையின் விளிம்பில், அதற்கென்று வெட்டிய பள்ளத்தில். வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர். கையில் அழுத்திய முடுக்கியை விட்டதும் கிளட்ச் சுருங்கிவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், சங்கிலி நின்றுவிடும். மின்சார ரம்பத்தில் எஞ்சினும் கிளட்சும் இருந்த இடத்தில் மோட்டார். பார், சங்கிலி, பல் எல்லாம் அதேதான்.

சரி, மரத்துக்கு வருவோம். நெடுக்கே அடுக்கிய நுண்குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதுதான் மரம். குழாய்களுக்கு இடையே ஒட்டியிருக்கும் பிடிப்பு பலவீனமானது, அதனால்தான் கோடரி நெடுக்கே விழுந்தால் கட்டை பிளந்துகொள்கிறது. குழாயின் சுவரோ செல்லுலோஸ் இழைகளால் ஆனது, இழுத்தாலும் லேசில் அறாது. விறகுக்குத் துண்டு போடும்போது நாம் எப்போதும் குறுக்கேதான் அறுக்கிறோம், அதாவது மரம் மிக வலுவாக எதிர்க்கும் திசையில். அங்கே இரண்டு வேலை நடந்தாக வேண்டும். அறுப்புத் தடத்தின் இரு பக்கச் சுவர்களிலும் நாரை, அதாவது அந்தக் குழாய்களை, துண்டிக்க வேண்டும். துண்டித்த நாரை நடுவிலிருந்து பெயர்த்து வெளியே தள்ள வேண்டும்.

தொடக்க காலச் சங்கிலிகள் இதற்குக் கை ரம்பத்தின் பாணியையே பின்பற்றின. சில பற்கள் கீறும், வேறு சில பற்கள் கீறியதைச் சுரண்டி எடுக்கும். அடிக்கடி அராவ வேண்டும், அதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். 1946-இல் அமெரிக்காவின் ஒரிகன் காடுகளில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்பவரின் கண்ணில் ஒரு மர வண்டின் புழு பட்டது. விரல் தடிமனுள்ள அந்தப் புழு கெட்டியான மரத்தை நாரின் போக்கிலும் தின்றது, நாருக்குக் குறுக்கேயும் தின்றது. திசை மாறினாலும் அதற்கு ஒரு சிரமமும் இல்லை. காக்ஸ் புழுவின் வாயை உற்றுப் பார்த்தார். வளைந்த இரண்டு தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் சீவின. அதே அமைப்பை எஃகில் செய்தார். 1947-இல் போர்ட்லாந்தில் தன் வீட்டின் நிலவறையில் சங்கிலி தயாரிப்பைத் தொடங்கினார். இன்று விற்கும் சங்கிலிகளில் பெரும்பாலானவை அந்த வடிவத்தின் வழிவந்தவைதான்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. காக்ஸ் யாரிடமும் நிதி கேட்கவில்லை, அதனால் யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. ஓர் ஆராய்ச்சி மாணவர் ‘மர வண்டுப் புழுவின் தாடை அசைவு’ என்று தலைப்பிட்டு விண்ணப்பம் எழுதினால் முதல் கேள்வி “இதனால் யாருக்கு என்ன பயன்?” என்றுதான் வரும். பயன் முன்கூட்டியே தெரிந்த ஆராய்ச்சிக்கு மட்டும் பணம் என்றால் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளின் வாசலையே அடைத்துவிடுகிறோம். பூச்சியின் வாயைப் பார்ப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போது பல்லுக்குள் போகலாம். ஒரு பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் செங்குத்தாக ஒரு பக்கச் சுவரும், அதன் உச்சியில் உள்நோக்கி மடிந்த ஒரு கூரையும் இருக்கும். சுவரும் கூரையும் சேரும் முன்மூலைதான் மிகக் கூரான இடம். மூலை முதலில் மரத்துக்குள் நுழைந்து பக்கவாட்டில் நாரை அறுக்கிறது. பின்னாலேயே கூரையின் முன்விளிம்பு வந்து, அறுபட்ட நாரை அடியோடு இழைத்துத் தூக்குகிறது. அறுப்புத் தடத்தின் இடச் சுவரை ஒரு பல் பார்த்துக்கொள்ளும், வலச் சுவரை அடுத்த பல். தனித்தனிப் பற்கள் செய்துவந்த இரண்டு வேலையையும் இப்போது ஒரே பல் செய்துவிடுகிறது.

கூரைக்கு முன்னால் சுறாவின் முதுகுத் துடுப்பைப் போல ஒரு சிறு மேடு நிற்கும். கூர் இல்லாத வெறும் மேடு என்பதால் பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். மேட்டின் உச்சி கூரையின் விளிம்பைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும். பல சங்கிலிகளில் இந்த வித்தியாசம் 0.65 மில்லிமீட்டர். பல் ஒரு கடியில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை நிர்ணயிப்பது இந்த இடைவெளி. மேடு மரத்தின் மேல் உரசிக்கொண்டு போகிறது, பின்னால் வரும் விளிம்பு அந்த அளவுக்கு மட்டுமே உள்ளே இறங்க முடிகிறது.

ஆனால் பல் ஒரே நேர்கோட்டில் போவதில்லை. சங்கிலி வளையக்கூடியது. ஒவ்வொரு பல்லும் இரண்டு ரிவெட்டுகளில் மாட்டியிருக்கிறது, பாரின் மேல் சற்று ஆடவும் அதற்கு இடம் இருக்கிறது. விளிம்பு நாரைக் கடித்ததும் மரம் பல்லைத் தன் பக்கம் இழுக்கிறது. பல் முன்புறம் தூக்கிக்கொண்டு பாரை விட்டு எழும்புகிறது, மரத்துக்குள் ஒரு வளைவாக இறங்குகிறது. இறங்க இறங்கச் சங்கிலியின் இழுவிசை அதைத் திரும்பப் பாரின் பக்கம் இழுக்கிறது. சீவிய சில்லு கூரைக்கு அடியில் புகுந்து, பல்லுக்கும் மேட்டுக்கும் நடுவில் உள்ள குழியில் சேர்கிறது. பல் பாரில் வந்து அமர்கிறது, மறுபடி எழும்புகிறது. ஒரு கட்டைக்குள் நுழைந்து வெளியேறுவதற்குள் ஒவ்வொரு பல்லும் இப்படி எழும்பி எழும்பி விழுகிறது. சங்கிலியை அளவுக்கு மீறி இறுக்கினால் ரம்பம் மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம், பல்லுக்கு எழும்ப இடமில்லாமல் போய்விடுகிறது. பாரின் நடுவில் சங்கிலியைத் தூக்கினால் சற்று எழும்ப வேண்டும், விட்டால் உடனே திரும்ப வேண்டும், கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும்.

இனி கணக்கு. 16 அங்குல பாருக்கு வரும் ஒரு வழக்கமான சங்கிலியில் 56 இழுப்புக் கண்ணிகள் (பாரின் பள்ளத்துக்குள் ஓடுபவை) இருக்கும், பற்கள் 28. சங்கிலியின் மொத்த நீளம் 1 மீட்டருக்குச் சற்று மேல். வினாடிக்கு 20 மீட்டர் ஓடினால், மரத்தின் ஒரு புள்ளியை ஒவ்வொரு வினாடியும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பற்கள் கடக்கின்றன! இரு பற்களுக்கு இடையே உள்ள தூரம் 38 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் கட்டையை அறுக்கும்போது எந்த நொடியிலும் 8 பற்கள் மரத்துக்குள் இருக்கும்.

திறன் என்பது விசையும் வேகமும் பெருக்கிய தொகை. 2 கிலோவாட் திறனை வினாடிக்கு 20 மீட்டரால் வகுத்தால் 100 நியூட்டன் கிடைக்கிறது, பத்து கிலோ எடையைத் தூக்கும் விசை. அதை 8 பற்கள் பங்கு போட்டுக்கொண்டால் ஒரு பல்லுக்கு ஒன்றேகால் கிலோ. இதிலும் ஒரு பகுதியைப் பாரின் உராய்வு எடுத்துக்கொள்ளும், அதனால்தான் எண்ணெய் ஓயாமல் சொட்ட வேண்டும். அவ்வளவு இரைச்சலுக்கும் புகைக்கும் பின்னால் ஒரு பல்லின் பங்குக்கு வருவது ஒரு குழந்தையின் கைப்பலம்தான். அது நாரை அறுக்கிறது என்றால் கூர்மையின் புண்ணியம். மழுங்கிய பல்லுக்கு இதைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை கொடுத்தாலும் அது மரத்தைத் தேய்த்துச் சூடாக்கும், அவ்வளவே. வெளியே விழுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தடித்த சில்லுகள் பறந்தால் பல் கூர், மாவு போல் தூள் கொட்டினால் மழுங்கிவிட்டது.

இப்போது வாசகரின் கேள்விக்கு விடை தானாக வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது கட்டையின் பருமன். 15 முதல் 20 சென்டிமீட்டர் கட்டைகள்தான் அதிகம் என்றால் மரத்துக்குள் நான்கைந்து பற்கள்தான் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோவாட் தாராளம், பேட்டரி ரம்பமே போதும். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 180 வாட்-மணி. ஒன்றரை கிலோவாட்டில் இடைவிடாமல் அறுத்தால் 7 நிமிடம் வரும். கேட்கக் குறைவாக இருக்கும், ஆனால் கட்டையைப் புரட்டி வைக்கும் நேரத்தில் மோட்டார் எதையும் குடிப்பதில்லை. மின்கம்பி எட்டும் இடத்திலேயே வேலை என்றால் கம்பி வைத்த மின்சார ரம்பம் இன்னும் எளிது.

30 சென்டிமீட்டர் கட்டைகள் அடிக்கடி வருமென்றால் 40 முதல் 45 சிசி எஞ்சின், 40 சென்டிமீட்டர் பார். அந்த எஞ்சின் ஏறக்குறைய நாம் கணக்கிட்ட 2 கிலோவாட்டைத் தரும். 50 சிசிக்குப் போனால் வேகம் கூடும், கூடவே கையில் பிடிக்கும் எடையும் கூடும். நாள் முழுக்க அறுக்கிறவருக்கு அது நியாயமான பேரம். வாரத்துக்கு ஒருநாள் விறகு போடுகிறவருக்குத் தோள்வலிதான் மிச்சம். பலவீனமான எஞ்சினில் நீளமான பாரை மாட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். 50 சென்டிமீட்டரும் மரத்துக்குள் புதைந்தால் 13 பற்கள் விசைக்குப் போட்டி போடும், ஒவ்வொன்றுக்கும் முக்கால் கிலோதான் மிஞ்சும். எப்போதாவது வரும் பருத்த கட்டையை இரு பக்கத்திலிருந்தும் அறுத்துக்கொள்ளலாம்.

ஆபத்தும் பல்லின் வடிவத்திலிருந்துதான் வருகிறது. பாரின் மூக்கில், அதாவது நுனியில், சங்கிலி வளையும்போது கண்ணிகள் வெளிப்புறம் விரிந்து இடைவெளி திறக்கிறது. மூக்கின் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் நார் அந்த இடைவெளிக்குள் போய்ப் பல்லை மாட்டிக்கொள்ள வைக்கும். சங்கிலியின் வேகம் முழுதும் ஒரே கணத்தில் பாரை மேலும் பின்னும் எறியும், ஓட்டுகிறவரின் முகத்தை நோக்கி. நாம் சுதாரிக்கும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே பார் இப்படி எகிறும்போது சங்கிலியை நிறுத்தும் ‘சங்கிலி பிரேக்’ இல்லாத ரம்பத்தை எந்த விலைக்கும் தொட வேண்டாம். பாதுகாப்புக் கண்ணி வைத்த சங்கிலிகளும் கிடைக்கின்றன. மூக்கில் திறக்கும் இடைவெளியை அவை அடைத்துவிடும், அறுக்கும் வேகம் கொஞ்சம் குறையும், வீட்டு வேலைக்கு அதையே சொல்வேன். கண்ணாடி, காதுக்கவசம், அப்புறம் ரம்பத்துக்கென்றே தைத்த கால்சட்டை. அந்தக் கால்சட்டையில் நீண்ட தளர்ந்த இழைகளை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். சங்கிலி துணியைக் கிழித்ததும் இழைகள் உருவப்பட்டு ஸ்ப்ராக்கெட்டில் போய்ச் சுற்றிச் சங்கிலியை நிறுத்திவிடும்.

ரம்பத்தோடு உருண்டை அரம் ஒன்றையும் அன்றே வாங்கிவிடுங்கள். வீட்டு ரம்பங்களில் வரும் உயரம் குறைந்த (லோ புரொஃபைல்) சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அரம் பொருந்தும், சங்கிலியின் உறையிலேயே அளவு போட்டிருப்பார்கள். கூரையில் பதித்த சாய்ந்த கோட்டுக்கு இணையாக, பல்லின் உள்ளிருந்து வெளிநோக்கி அராவ வேண்டும். பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோமியப் பூச்சு இருக்கிறது, கூர் நிற்பது அந்தப் பூச்சின் விளிம்பில்தான். இடப் பற்களுக்கும் வலப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும், ஒரு பக்கம் குட்டையானால் அறுப்பு வளைந்து போகும். கட்டையை மண்ணில் கிடத்தி அறுக்கவே கூடாது, மணலில் உள்ள குவார்ட்ஸ் எஃகையே கீறும்.

நாலைந்து முறை அராவிய பிறகு, கூர் ஏறியும் அறுக்கவில்லை என்று பலர் சங்கிலியைத் தூக்கிப் போடுகிறார்கள். பல்லின் கூரை பின்னோக்கிச் சரிவானது. அராவ அராவ விளிம்பு பின்னே நகர்ந்து தாழ்ந்துகொண்டே போகும், முன்னால் உள்ள மேடு மட்டும் அதே உயரத்தில் நிற்கும். 0.65 மில்லிமீட்டர் என்ற இடைவெளி சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டத்தில் பல் மரத்தைத் தொடுவதே இல்லை. மேட்டுக்கென்று ஓர் அளவுத் தகடு விற்கிறார்கள். அதை வைத்து, மேலே துருத்தும் பகுதியைத் தட்டையரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் கடி ஆழமாகிப் பல் மரத்தில் சிக்கத் தொடங்கும், ரம்பம் எகிறும்.